வட்டத்தின் பரப்பளவு: 154 கேட்டால் 44 வருகிறது, எங்கே பிடிப்பது?

மண்டபம் டீச்சர்:

ஏழாம் வகுப்பு அளவைகள் பாடம். வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைக் கேட்டால் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள், ஆனால் கணக்கில் கவிழ்ந்துவிடுகிறது. ஆரம் 7 செ.மீ. கொடுத்துப் பரப்பளவு கேட்டால் விடைத்தாளில் நான்கு எண்கள் வருகின்றன: 154, 616, 44, 22. 154 சரி. 616 எப்படி வந்தது என்பது தெரிகிறது, ஆரத்துக்குப் பதில் விட்டம் 14-ஐ எடுத்து வர்க்கப்படுத்தியிருக்கிறார்கள். அதிகம் வருவது 44-தான். சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் சொல்வதால் இது தீராது. நான்கு பாடவேளை ஒதுக்கலாம். சார்ட் தாள், கத்தரி, வரைபடத் தாள், நூல் கிடைக்கும். எதைச் செய்து காட்டினால் அடுத்த வருடமும் நினைவில் நிற்கும்?

தொண்டி கணக்கு:

டீச்சர், அந்த 44-க்குள் இரண்டு நோய் இருக்கிறது. ஒருவர் சுற்றளவுச் சூத்திரத்தையே போட்டிருப்பார், 2 × 22/7 × 7. இன்னொருவர் சரியான சூத்திரத்தை எழுதி, 7-இன் வர்க்கத்தை 14 என்று வைத்திருப்பார், 22/7 × 14. இரண்டும் 44. எண்ணை மாற்றிக் கொடுத்தாலும் பிரித்தறிய முடியாது, ஆரம் எதுவானாலும் வர்க்கத்தை இருமடங்காக எழுதினால் சுற்றளவுதான் விடையாக வரும். படிகளைப் பார்த்தால்தான் தெரியும். முதல் வகைக்குப் பரப்பு என்றால் என்ன என்பதே பிடிபடவில்லை. இரண்டாவது வகைக்கு வட்டத்தில் சிக்கல் இல்லை, வர்க்கத்தில்தான். இரண்டுக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.

இரண்டாவது வகைக்கு: ஆரத்தின் தலையில் சின்ன 2 போடும் பழக்கத்தை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். பை × ஆரம் × ஆரம் என்று நீளமாகவே எழுதட்டும்.

இன்னொன்று, கரும்பலகையில் ஆரம் 2 வைத்து உதாரணம் போடவே கூடாது. 2-இன் வர்க்கமும் 4, இருமடங்கும் 4. சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக, 12.56 என்று வந்து நிற்கும். தவறாகச் செய்த பிள்ளைக்கும் சரி என்று குறி போட்டுவிடுவோம்.

கீழக்கரை பெரியவர்:

முதல் வகைக்கு என் விடை, சூத்திரத்தைக் கொஞ்சநாள் ஒதுக்கிவைத்துவிட்டுப் பழைய தமிழ்க் கணக்கில் உள்ள வரியைச் சொல்லிக் கொடுங்கள்:

வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச்
சட்டெனத் தோன்றும் குழி.

வட்டத்து அரை என்றால் சுற்றளவில் பாதி. விட்டத்து அரை என்றால் விட்டத்தில் பாதி, அதாவது ஆரம். தாக்க என்றால் பெருக்க. குழி என்றால் பரப்பு. இதில் பை என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். நூலால் சுற்றி அளந்தாலே போதும். 44-இல் பாதி 22, 14-இல் பாதி 7, பெருக்கினால் 154. கி.பி. 499-இல் ஆரியபட்டர் சமஸ்கிருதத்தில் சொன்னதும் இதே விதிதான்.

இதில் என்ன ஆதாயம் என்றால், 44 என்பது தவறான விடை என்று ஒதுக்கப்படாமல் பாதி வழியில் நிற்கும் விடை ஆகிவிடுகிறது. 44 எழுதிய பிள்ளையிடம், சுற்றி வந்துவிட்டாய், இன்னும் உள்ளே போகவில்லை என்று சொல்லலாம். சுற்றளவிலிருந்து பரப்பளவுக்குப் போகும் பாதை அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் இரண்டும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டிய இரண்டு வாய்ப்பாடாக இருக்காது.

மண்டபம் டீச்சர்:

அருமை காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் அழைப்பார்கள்). ஆனால் ஏன் பாதி, ஏன் பெருக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்பாள். அதைக் கண்ணால் காட்ட வேண்டுமே.

பாம்பன் பட்டறை:

அதற்குச் சீப்பு முறை. வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கச் சொல்வதுதான் வழக்கம், ஆனால் 16 துண்டும் தனித்தனியாகிவிட்டால் வகுப்பில் பாதி காற்றாடியில் பறந்துவிடும், மீதி தலைகீழாக ஒட்டப்படும். அதனால் இப்படிச் செய்யுங்கள்.

சார்ட் தாள் வேண்டாம், நான்காவது மடிப்பில் கனம் கூடி மடிப்புக்கோடு நகர்ந்துவிடும். சாதாரண வெள்ளைத்தாளில் ஆரம் 7 செ.மீ. வட்டம் வரைந்து வெட்டுங்கள். மூன்று முறை மடித்து விரித்தால் 8 பகுதி. பிறகு அடுத்தடுத்த இரண்டு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பாதியாக்குங்கள், 16 ஆகிவிடும். ஒரே மூச்சில் நான்காவது மடிப்புப் போட்டால் உள்ளே இருக்கும் பகுதிகள் ஒல்லியாகவும் வெளியே உள்ளவை பருமனாகவும் வரும்.

இப்போது ஒரு விட்டத்தின் வழியாக வட்டத்தை இரண்டாக வெட்டி, ஓர் அரைவட்டத்துக்கு மட்டும் நீல வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இந்த வண்ணம்தான் உயிர்நாடி, விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் அரைவட்டத்திலும் மையத்திலிருந்து மடிப்புக்கோடு வழியாக விளிம்பை நோக்கி வெட்ட வேண்டும், விளிம்புக்கு ஒரு மி.மீ. முன்னால் கத்தரியை நிறுத்திவிட வேண்டும். இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் வளைவு நிமிர்ந்து, எட்டுப் பல் உள்ள சீப்பாக விரியும். வெள்ளைச் சீப்பைத் தலைகீழாகத் திருப்பி நீலச் சீப்பின் பல் இடைவெளியில் செருகுங்கள். இணைகரம் போல ஒன்று வரும். ஓரத்துப் பல் ஒன்றை நடுவே வெட்டி மறுபக்கம் சேர்த்தால் செவ்வகம்.

இப்போது கேளுங்கள்: கீழ் விளிம்பு என்ன நிறம்? நீலம். நீலம் எதிலிருந்து வந்தது? அரைவட்டத்தின் வளைவிலிருந்து. அப்படியானால் நீளம் சுற்றளவில் பாதி, உயரம் ஆரம். மீதிப் பாதி மேல் விளிம்பில் வெள்ளையாக இருக்கிறது. ஏன் பாதி என்ற கேள்விக்கு வண்ணமே பதில் சொல்லிவிடும்.

திருப்பாலைக்குடி தம்பி:

சார், இதைச் செய்து ஸ்கேல் வைத்து அளந்தால் அடிப்பக்கம் 22 வரவில்லை. 21.8 அல்லது 21.9 வருகிறது. ஒரு குழுவுக்கு மட்டும் 23. உயரமும் 7-க்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகள் சூத்திரமே தப்போ என்று பார்க்கிறார்கள்.

பாம்பன் பட்டறை:

23 வந்த குழுவில் விளிம்பு எங்கோ கிழிந்திருக்கும் தம்பி, இடைவெளி விழுந்து நீண்டுவிட்டது. அதைச் செல்லோ டேப்பால் ஒட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

21.8 வந்தவர்கள் சரியாகவே அளந்திருக்கிறார்கள். ஸ்கேல் நேராகப் போகிறது, விளிம்போ எட்டு மேடாக இருக்கிறது. நாம் அளப்பது எட்டு நாண்களை, அதாவது ஒவ்வொரு மேட்டின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்க்கோடுகளை. 16 பகுதி என்றால் ஒரு நாண் 2.73 செ.மீ., எட்டுக்கு 21.85. அதே விளிம்பில் மேட்டோடு மேடாக நூலை வைத்து அளந்தால் 22 வந்துவிடும். உயரமும் அப்படித்தான், நாணிலிருந்து பல் நுனிவரை 6.87. ஸ்கேல் அளவை வைத்துப் பெருக்கினால் 150. மீதி எங்கே போனது? நாணுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் 16 சின்ன வட்டத்துண்டுகளில் இருக்கிறது.

இதை மறைக்காதீர்கள், இதுதான் பாடத்தின் சதை. ஒரு குழுவுக்கு 8 பகுதி, ஒரு குழுவுக்கு 16, கை திருத்தமான ஒரு குழுவுக்கு 32 கொடுங்கள். பிதுங்கலை விட்டுவிட்டால் ஒவ்வொரு பகுதியும் ஒரு முக்கோணம்; ஆரம் 7-க்கு அந்த முக்கோணங்களின் பரப்பு மட்டும் முறையே 138.6, 150.0, 152.95. உண்மைப் பரப்பு 153.94. விடுபட்டது 15.3, 3.9, 1.0. பகுதிகளை இரட்டிக்க இரட்டிக்க விடுபடுவது கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகச் சுருங்குகிறது. 64 போட்டால் எவ்வளவு விடுபடும் என்று கேளுங்கள், கால் சதுர சென்டிமீட்டர் என்று பிள்ளைகளே சொல்வார்கள். எங்கே போய் முடியும் என்பதும் விளங்கிவிடும்.

கயிற்றுக்கடை:

சீப்பு நல்ல முறைதான். ஆனால் எங்கள் கரைப் பிள்ளைகளுக்குக் கயிற்றைச் சுற்றி வைத்தால் இன்னும் சீக்கிரம் பிடிபடும். படகில் தட்டையாகச் சுருட்டி வைத்த கயிற்றைப் பார்க்காத பிள்ளை பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ உண்டா? அந்தச் சுருளே ஒரு வட்டம்.

5 மி.மீ. தடிமன் பருத்திக் கயிறு. அட்டையில் ஆரம் 7 செ.மீ. வட்டம் வரைந்து, மேலே ஃபெவிகால் மெல்லியதாகத் தடவி, உள்ளிருந்து வெளியே வளையம் வளையமாக இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். 14 வளையம் பிடிக்கும். காய்ந்த பிறகு மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு கோட்டில் பிளேடால் அறுத்து, வளையங்களை ஒவ்வொன்றாக உரித்து, நீளமானது கீழே சின்னது மேலே என்று நேராக நிமிர்த்தி அடுக்குங்கள். முக்கோணம் நிற்கும். அடிப்பக்கம் சுற்றளவு, உயரம் ஆரம், முக்கோணத்தின் பரப்பு இரண்டின் பெருக்கலில் பாதி. காக்கா சொன்ன வரியேதான்.

நைலான் கயிறு எடுக்காதீர்கள். முறுக்கு இருப்பதால் நிமிர்த்தினாலும் சுருண்டுகொள்ளும், அறுத்த முனை பிரிந்து விளக்குமாறாகிவிடும். தென்னங்கயிறு முடி முடியாக இருப்பதால் நெருங்கி உட்காராது, வட்டம் பெருத்துப் போகும். பருத்திக் கயிற்றிலும் அறுக்கும் கோட்டின்மேல் முதலில் டேப் ஒட்டிவிட்டு அறுத்தால் முனை பிரியாது.

திருப்பாலைக்குடி தம்பி:

அண்ணே, 14 வளையத்தில் கடைசி வளையத்தின் நீளம் 44 இருக்க வேண்டும் அல்லவா? 42 சொச்சம்தான் இருக்கும் போலத் தெரிகிறதே.

கயிற்றுக்கடை:

42.4 இருக்கும். கயிறு சும்மா ஒரு கோடு இல்லை, அதற்கு அரை சென்டிமீட்டர் அகலம் உண்டு. 44 என்பது வெளிவிளிம்பின் சுற்றளவு. கயிற்றின் நடுக்கோடு மையத்திலிருந்து 6.75-இல் ஓடுகிறது, நிமிர்த்தும்போது நீளமாக நிற்பது அந்த நடுக்கோடுதான். உள்விளிம்பு இழுபடும், வெளிவிளிம்பு சுருங்கும்.

தொண்டி கணக்கு:

இதில் ஒரு நேர்த்தி இருக்கிறது, பெரிய வகுப்புக்குக் கட்டாயம் காட்டலாம். ஒரு வளையத்தின் பரப்பு என்பது அதன் நடுக்கோட்டின் நீளம் × அகலம். இது தோராயம் இல்லை, துல்லியம். வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்து, கூட்டல் கழித்தல் காரணிகளாகப் பிரித்தால் இதுவேதான் வரும். ஆகவே கயிற்றை நிமிர்த்தியதில் பரப்பு ஓர் இம்மியும் குறையவில்லை.

14 வளையங்களின் நடு ஆரங்கள் 0.25, 0.75, 1.25 என்று போய் 6.75-இல் முடியும். சராசரி 3.5, ஆக மொத்தம் 49. கயிற்றின் முழு நீளம் 2 × 22/7 × 49 = 308 செ.மீ. அதை அகலம் 0.5-ஆல் பெருக்கினால் 154. படிக்கட்டு படிக்கட்டாக நிற்கும் முக்கோணமும் 154, நேர்க்கோட்டு முக்கோணமும் 154.

இதைத் திருப்பியும் கேட்கலாம். 8 மி.மீ. கயிறு 7.7 மீட்டர் இருக்கிறது, நெருக்கிச் சுருட்டினால் வட்டத்தின் ஆரம் எவ்வளவு? 770 × 0.8 = 616 ச.செ.மீ., ஆரம் 14. சுருட்டி அளந்தால் 14-க்கு மேல் கொஞ்சம் வரும், நடுவில் கயிறு ஒரு புள்ளியாக வளையாது, சிறு துளை விழும்.

வரைபடத்தாள்:

கட்டம் எண்ணும் முறையை யாரும் சொல்லவில்லையே. பரப்பு என்றால் எத்தனை கட்டம் என்பதுதான் அடிப்படை. அதைத் தாண்டிவிட்டுச் சீப்புக்குப் போனால், சதுர சென்டிமீட்டர் என்ற அலகு வாயில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு செ.மீ. கட்டத் தாளில், நான்கு கட்டங்கள் சந்திக்கும் புள்ளியில் காம்பஸ் முனையை ஊன்றி ஆரம் 7 வரையுங்கள். கால்வட்டம் மட்டும் எண்ணினால் போதும், நாலால் பெருக்கிக்கொள்ளலாம். கால்வட்டத்துக்குள் முழுக் கட்டங்கள் 30. கோடு வெட்டிச் செல்லும் கட்டங்கள் 13. அவற்றில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பவை 9, பாதிக்குக் குறைந்தவை 4. பாதிக்கு மேல் என்றால் ஒன்று, குறைந்தால் பூச்சியம் என்ற வழக்கமான விதிப்படி 39. நாலால் பெருக்க 156. உண்மையை விட இரண்டு கட்டம்தான் கூடுதல்.

பிள்ளைகளுக்கு 148 வந்தால் எங்கே தவறியது என்று தேட வேண்டாம், இடம் எனக்குத் தெரியும். மையத்திலிருந்து பக்கவாட்டில் மூன்றாவது, உயரத்தில் ஏழாவது கட்டத்தைப் பாருங்கள். அதில் 0.53 பங்கு உள்ளே இருக்கிறது, கண்ணுக்குப் பாதியா பாதிக்குக் குறைவா என்று தெரியாது. அதன் பிரதியாக ஏழாவது பக்கவாட்டில் மூன்றாவது உயரத்திலும் ஒன்று. கால்வட்டத்துக்கு இரண்டு, மொத்தம் 8. அந்த எட்டையும் விட்டவர்களுக்கு 148. பென்சில் மொட்டையாக இருந்தால் இந்த எட்டுக் கட்டமும் போயிற்று. கூராகச் சீவிய பென்சில், ஆட்டம் இல்லாத காம்பஸ், இரண்டும் முக்கியம்.

எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். வட்டத்தைச் சுற்றி வெளியே ஒரு சதுரம், பக்கம் 14, பரப்பு 196. அதாவது ஆரத்தின் மேல் வரைந்த சதுரம் நான்கு. உள்ளே முனைகள் தொடும் சதுரம் 98, அதாவது அதே சதுரம் இரண்டு. ஆகவே வட்டம் இரண்டு சதுரத்துக்கும் நான்கு சதுரத்துக்கும் இடையில்தான் இருக்க முடியும். 44-உம் 616-உம் கணக்குப் போடாமலே அடிபட்டுப் போகும். விடை எழுதியவுடன் ஆரத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கிப் பார், பக்கத்தில் வருகிறதா என்று பழக்குவது, எந்தச் சூத்திரத்தையும்விடப் பெரிய பாதுகாப்பு.

மண்டபம் டீச்சர்:

148 விஷயம் நல்ல உதவி, நன்றி. 22-க்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தொண்டி கணக்கு:

22 அடித்தலில் வருவது. 22/7 × 7 × 7 எழுதி, கீழே உள்ள ஒரே 7-ஐக் கொண்டு மேலே இரண்டு 7-ஐயும் அடித்துவிடுகிறார்கள். ஆரம் 14-இல் இது இன்னும் மோசம். 22/7 × 14 × 14. சரியாக அடித்தால் 22 × 2 × 14 = 616. இரண்டையும் அடித்தால் 22 × 2 × 2 = 88. ஆரம் 14-க்குச் சுற்றளவும் 88! திருத்துபவர் சுற்றளவுச் சூத்திரம் போட்டுவிட்டான் என்று நினைத்துத் தவறான மருந்து கொடுப்பார். அடித்தலைச் சோதிக்க ஆரம் 21 கொடுங்கள். சரி 1386, அடித்தல் பிழை 198, சுற்றளவு 132. மூன்றும் தனித்தனி எண், எந்த நோய் என்று உடனே தெரியும்.

அடிக்கும்போது கீழே உள்ள 7-ஐக் கோடிட்டுவிட்டு, ஒரே ஒரு 14-க்கு மேல் மட்டும் 2 எழுதி, மற்ற 14-ஐச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் போட்டதைத் தொடக்கூடாது.

திருப்பாலைக்குடி தம்பி:

22/7 எடுப்பதா 3.14 எடுப்பதா என்று எப்போதும் ஒரு சண்டை. எது சரி?

கீழக்கரை பெரியவர்:

இரண்டுமே தோராயம். 22/7 உண்மையைவிட 0.04 சதவீதம் கூடுதல், 3.14 உண்மையைவிட 0.05 சதவீதம் குறைவு. 22/7-தான் ஒரு மயிரிழை நெருக்கம். 22/7 மேல் எல்லை என்று ஆர்க்கிமிடிஸ் அன்றே காட்டிவிட்டார், கீழ் எல்லை 223/71. ஆரியபட்டர் கொடுத்தது 62832/20000, அதாவது 3.1416, அதையும் நெருங்கிய மதிப்பு என்றே சொன்னார். ஆரம் ஏழின் மடங்கானால் 22/7, பத்து இருபது என்றால் 3.14. வினாத்தாளில் எது எடுக்கச் சொல்லியிருக்கிறதோ அது. பை என்பது 22/7-க்குச் சமம் என்று சமக்குறி போடாமல் தோராயக் குறி போடப் பழக்குங்கள், ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறா எண் வரும்போது முட்டாது.

உச்சிப்புளி உறை:

நடைமுறைக் கணக்கு ஒன்று தருகிறேன். நம் பக்கம் மணல் பூமி, உறைகிணறு எல்லா வீட்டிலும் இருக்கும். 3 அடி உறையில், அதாவது கிணற்றுக்குள் இறக்கும் வளையத்தில், ஒரு அடித் தண்ணீர் நின்றால் எத்தனை லிட்டர்? விளிம்பு முதல் விளிம்பு வரை 40 அங்குலம், 101.6 செ.மீ., ஆரம் 50.8. பரப்பு 8100 ச.செ.மீ. சொச்சம். ஒரு அடி உயரம் 30.48 செ.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 247 லிட்டர்.

பாம்பன் பட்டறை:

அண்ணே, 40 அங்குலம் வெளி அளவு. உறைக்கு இரண்டு பக்கமும் 2 அங்குலச் சுவர் இருக்கிறது, அதில் தண்ணீர் நிற்காது. உள்விட்டம் 36 அங்குலம், 91.44 செ.மீ., ஆரம் 45.72. பரப்பு 6567 ச.செ.மீ. அடிக்கு 200 லிட்டர்.

பிழை எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள். விட்டத்தில் 11 சதவீதம் கூடியது, பரப்பில் 23 சதவீதம் கூடிவிட்டது. ஆரத்தை இரண்டு தடவை பெருக்குகிறோம் அல்லவா, பிழையும் இரண்டு தடவை ஏறுகிறது. சின்னப் பொருளை அளக்கும்போது இது இன்னும் கடிக்கும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதை 28 என்று அளந்தால் பரப்பில் ஏழரை சதவீதம் பிழை. அதனால் விட்டம் அளக்க ஸ்கேலை மட்டும் நம்பாமல், நாணயத்தின் இரு பக்கமும் மூலைமட்டம் இரண்டை நிறுத்தி, இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி உறை:

சரிதான், 200. வெளி அளவைச் சுவரோடு சேர்த்து எடுத்துவிட்டேன். அந்த 36, 40 இரண்டையும் வைத்தே வட்டப்பாதைக் கணக்கும் போடலாம், உறைச் சுவரின் மேல்முகத்துக்குப் பரப்பு எவ்வளவு என்று.

தொண்டி கணக்கு:

நல்ல கணக்கு. ஆரங்கள் 20, 18. சரியான வழி: கூட்டினால் 38, கழித்தால் 2, பெருக்கினால் 76, அதை 3.14-ஆல் பெருக்க 238.64 சதுர அங்குலம். பிள்ளைகள் செய்வது: 20-இல் 18 போக 2, 2-இன் வர்க்கம் 4, விடை 12.56. இரண்டு அங்குல ஆரமுள்ள ஒரு டம்ளர் மூடியின் பரப்பு அது. உறையைச் சுற்றியுள்ள சுவரும் டம்ளர் மூடியும் ஒன்றா என்று கேட்டால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். சரிபார்க்கக் கயிற்றுக்கடை சொன்ன நடுக்கோடு: நடு ஆரம் 19, சுற்றளவு 119.32, அகலம் 2, பெருக்கினால் அதே 238.64.

பாதையின் அகலத்தை விட்டத்தோடு கூட்டச் சொல்லும் கணக்கில் மட்டும் எச்சரிக்கை. விட்டத்தோடு கூட்டினால் அகலத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும், ஆரத்தோடு கூட்டினால் ஒரு முறை. எப்போதும் முதலில் ஆரமாக மாற்றிவிட்டுக் கூட்டச் சொல்வதே பாதுகாப்பு.

அரைவட்டத்தையும் மறக்காதீர்கள். பரப்பு பாதியாகும், சுற்றளவு பாதியாகாது. ஆரம் 7 என்றால் வளைவு 22, அதோடு விட்டம் 14 சேர்த்து 36.

கயிற்றுக்கடை:

வீச்சு வலையை வைத்து ஒரு கேள்வி சேர்க்கலாம். உச்சியிலிருந்து ஈயக்குண்டு வரை 10 அடி உள்ள வலை முழுசாக விரிந்தால் 314 சதுர அடி. 12 அடி வலை 452. நீளம் 20 சதவீதம் கூட, ஈயம் கோக்கும் விளிம்பும் 62.8-இலிருந்து 75.4 அடியாக அதே 20 சதவீதம் கூடும். தண்ணீரை மூடும் பரப்பு மட்டும் 44 சதவீதம் கூடுகிறது. சுற்றளவும் பரப்பளவும் வேறு வேறு மாதிரி வளரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதே 12 அடி வலை வீச்சு சரியில்லாமல் 9 அடி ஆரத்துக்கே விரிந்தால் 254, பாதிக்குக் கொஞ்சம் மேல். வலை வீசும் வீட்டுப் பிள்ளைகள் இந்த விடையை வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

மண்டபம் டீச்சர்:

எல்லாம் குறித்துக்கொண்டேன். நான்கு பாடவேளைக்குள் எதை முதலில், எதை விடலாம்?

கீழக்கரை பெரியவர்:

முதல் வேளை கட்டம் எண்ணுவது, கூடவே இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் என்ற கேள்வி. இரண்டாவது வேளை சுற்றளவு: பவுடர் டப்பாவில் நூலை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பத்துச் சுற்றுச் சுற்றி, நீட்டி அளந்து, பத்தால் வகுப்பது. மூன்றாவது வேளை சீப்பு அல்லது கயிறு, அதன் முடிவில்தான் சூத்திரத்தை எழுத வேண்டும். நான்காவது வேளை கணக்குகள்: ஆரம் 21, ஆரம் 10, பிறகு உறை, வலை. ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் நான்காவதை விடுங்கள், கணக்கை வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

மண்டபம் டீச்சர்:

கயிறு என்றே முடிவு செய்துவிட்டேன், சீப்பை ஒரு குழு மட்டும் செய்யட்டும். எட்டுக் குழு கயிற்றுக்கு. எவ்வளவு வாங்க வேண்டும் அண்ணே?

கயிற்றுக்கடை:

ஒரு குழுவுக்குக் கணக்குப்படி 3 மீட்டர் 8 செ.மீ. வளையத்துக்கு வளையம் வெட்டும்போது கொஞ்சம் சேதாரம் உண்டு, 3 மீட்டர் 20 வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு 25.6, ஆக 26 மீட்டர். வாங்கும்போது பத்துத் துண்டை ஒட்டினாற்போல் அடுக்கி அகலத்தை அளந்து பாருங்கள் டீச்சர், 5 செ.மீ. வர வேண்டும். 5 மி.மீ. என்று சொல்லி விற்பது 6 இருந்தால் 14 வளையம் பிடிக்காது, 11 வளையம் முடிந்ததும் 6.6-இல் நின்றுவிடும். அப்படி இருந்தால் ஆரத்தை 8.4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள், 14 வளையம் சரியாக உட்காரும். கயிறு அப்போது குழுவுக்கு 3 மீட்டர் 70 வேண்டும், சேதாரம் தனி.